மச்சானுக்குக் கொடுத்த டிக்கெட்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மாத்தளையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பல்லேகலையில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கிரிக்கெட் மேட்ச். கத்தாரில் இருக்கும் என் மகன், கூட்டாளி ஒருத்தன் மூலமாக எங்களுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான்.

என் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். டவுனில் மிளகுக் கடையில் வேலை செய்த காலத்தில், மேட்ச் நாளில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டே மூட்டை கட்டுவார். ஆனால் ஒரு நாள்கூட மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. டிக்கெட் வந்ததிலிருந்து மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. இலங்கை டீமின் நீல நிறச் சட்டை வாங்கினார், தொப்பி வாங்கினார். புது மாப்பிள்ளை மாதிரி கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மேட்சுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, சந்தையிலிருந்து பலாக்காயைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் அடைப்பு. நல்ல காலம், உயிர் தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: படி ஏறக்கூடாது, கூட்டத்துக்குள் போகக்கூடாது, கத்தவே கூடாது. டிவியில் மேட்ச் பார்க்கலாமா என்று இவர் கேட்க, "பாருங்க, ஆனா வாயத் தொறக்காதீங்க" என்று சிரித்தார் டாக்டர்.

சொன்னால் கேட்கிற ஆளா? "நானா ஓடி ஓடி பந்து பொறுக்கப் போறேன்? சும்மா ஒக்காந்து பாக்கப் போறேன் புள்ள" என்று டிக்கெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அது வீட்டில் இருக்கும்வரை இவர் எப்படியும் கிளம்பிவிடுவார் என்ற பயம் எனக்கு. அழுதேன், சண்டை போட்டேன். கடைசியில் இறங்கி வந்தார். கொடுத்துவிடுகிறேன், ஆனால் யாருக்கு என்று நான்தான் சொல்வேன் என்றார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! பொண்ணு கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டு வந்த ஒருத்தரும் தேறவில்லை. ஒருத்தன் செல்ஃபி எடுக்கத்தான் போவானாம். இன்னொருத்தர் பாதியில் தூங்கிவிடுவாராம்.

மறுநாள் காலை, முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தவர் திடீரென்று சொன்னார்.

"ஒங்கண்ணனுக்கே குடுத்துடு."

மாத்திரை மயக்கத்தில் பேசுகிறாரோ என்று நினைத்தேன். ஏன் என்றால், என் அண்ணன் எங்கள் வாசல் மிதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அண்ணனும் இவரும் ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடினவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கே கல்யாணம் பேசினார்கள். ஆனால் இவர் இலங்கைக்கு, அண்ணன் இந்தியாவுக்கு. மேட்ச் வந்தால் எங்கள் வீட்டில் ரெண்டு கட்சி. அண்ணன் இந்தியாவுக்குக் கைதட்ட ஒரு காரணம் இருந்தது. எங்கள் அக்கா குடும்பம் அந்தக் காலத்தில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பின பிரஜாவுரிமை ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனது. அக்கா இன்னும் கூடலூர்ப் பக்கம்தான் இருக்கிறாள். கப்பலுக்குப் போகிற ரயில் நகர நகர, அவள் கையை விடாமல் பிளாட்பாரம் முடியும்வரை ஓடினவன் என் அண்ணன். "நம்ம அக்கா இருக்குற ஊரு தோத்தா எனக்கு மனசு தாங்காது" என்பான்.

இந்தியா எங்களை ஜெயித்துக் கோப்பை தூக்கின அன்றைக்கு, அண்ணன் குஷியில் எங்கள் வாசலிலேயே பட்டாசு கொளுத்திவிட்டான். தோற்ற கோபத்தில் இவர் கத்தினார்: "அம்புட்டு ஆசைன்னா நீயும் அன்னைக்கே கப்பலேறிப் போயிருக்கலாமே!"

வேறு என்ன திட்டியிருந்தாலும் அண்ணன் மறுநாளே வந்து டீ கேட்டிருப்பான். இந்தியாவுக்கே போ என்கிற இந்தப் பேச்சை ஊரில் மற்றவர்கள் வாயால் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் நாங்கள். அதை வீட்டுக்குள்ளேயே, அதுவும் மச்சான் வாயால் கேட்டதை அவனால் தாங்க முடியவில்லை. அன்றைக்குப் போனவன்தான். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட கேட்டுக்கு வெளியே நின்று, என்னிடம் தோடம்பழப் பையைக் கொடுத்து, "எப்பிடி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் ரெண்டு டிக்கெட்டையும் அண்ணன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவரே குடுக்கச் சொன்னாரா?"

"அவரேதான்ணே. இந்தியாவுக்கே கத்தட்டும்னு சொன்னாரு."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணிதான் டீயைக் கொடுத்து, "அழுவுறதை நீ பாத்துருவேன்னு போறாரு" என்றாள்.

மேட்ச் நாள் வந்தது. இந்நேரம் அண்ணன் மைதானத்துக்குப் போகிற வழியில் கட்டுகஸ்தோட்டை தாண்டியிருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. இறங்கினது அண்ணன். சண்டை போட வந்துவிட்டானோ, இவருக்கு மறுபடி நெஞ்சு வலி வந்துவிடுமோ என்று பயந்து போனேன்.

இவர் நாற்காலியிலிருந்து எழும்பப் பார்த்தார். "ஒக்காருங்க மச்சான்" என்று அண்ணன் இவர் தோளை அழுத்தினான்.

"மேட்சுக்குப் போகலியா நீ? டிக்கெட் எங்க?"

"மகனையும் மருமகளையும் போகச் சொல்லிக் குடுத்துட்டேன். அங்க போயி நான் யாருகூட சண்ட புடிக்கிறது?"

இவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கப்படாதுடா" என்றார். அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சரி சரி, டிவியப் போடுங்க. டாஸ் போட்டுருவான்" என்றான்.

டாக்டர் சொன்னதை நான் ரெண்டு பேருக்கும் சொல்லி, சத்தம் வந்தால் டிவியை அணைத்துவிடுவேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இந்தியா சிக்ஸர் அடித்தால் அண்ணன் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொள்வான். இலங்கைக்கு விக்கெட் விழுந்தால் இவர் துண்டைக் கடித்துக்கொள்வார். நடுநடுவே, "அது எல்பிடபிள்யூ இல்ல", "ஒனக்குக் கண்ணு தெரியல" என்று, எனக்குப் பயந்து குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ மேட்ச் வந்துவிட்டது. இவர் நன்றாக இருக்கிறார். மைதானத்தை மட்டும் இன்னும் நேரில் பார்க்கவில்லை, போவோமா என்றால் பிடி கொடுத்துப் பேசுவதும் இல்லை. மேட்ச் என்றால் அண்ணன் இங்கே வந்துவிடுகிறான். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஆனால் அந்தக் குசுகுசுச் சண்டையைக் கேட்டபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமும் அடைத்துக் கிடந்தது அவர் நெஞ்சு மட்டுமில்லை, என் நெஞ்சும்தான் என்று.