அவள் பல்லும் என் பல்லும்

என் வாயில் சொந்தப் பல் என்று இப்போது ஒன்றுதான் இருக்கிறது. கீழ்வரிசையில், இடப்பக்கக் கடைவாய்ப்பல். அதுவும் உயிருள்ள பல் அல்ல. நரம்பை உருவி எடுத்துவிட்டு, வேருக்குள் மருந்தை அடைத்து, மேலே மூடி போட்ட பல். பல்செட்டின் கம்பியை அதில்தான் மாட்டியிருக்கிறார்கள். செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், வெறும் ஈறில் கறுத்த முளை மாதிரி நிற்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் தினமும் துலக்குகிறேன்.

என் மனைவிக்கும் இப்படி ஒரு பல் இருந்திருக்கலாம். இல்லாமல் செய்தவன் நான்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, முந்தைய மாதங்கள் அவை. மலாக்காவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். காஜா பேராங்கில் வாடகை வீடு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் புக்கிட் காதிலுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சத்தமாகச் சிரிப்பாள். படம் பார்க்கப் போனால் கச்சாங் பூத்தே பொட்டலம் வாங்கித் தரச் சொல்லி, இடைவேளைக்கு முன்பே எல்லாக் கடலையையும் நொறுக்கித் தீர்த்துவிடுவாள்.

அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் குழி விழுந்தது. முதலில் வலி வந்து வந்து போனது. பக்கத்து வீட்டில் இருந்த, தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி வம்சத்து அம்மாள் கிராம்பைக் கசக்கிப் பல்லில் வைக்கச் சொல்லி மலாயில் சொன்னார். தோட்டத்திலிருந்து வந்த அவளுடைய சித்தி புகையிலைத் துணுக்கை அடக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள். பிறகு ஈறு வீங்கிச் சீழ் வைத்தது.

அந்த நாற்றத்தை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நான் செய்தது புரியாது. கிராம்பு, புகையிலை, அவற்றுக்கு அடியில் அடைபட்ட சாக்கடைத் தண்ணீர் போல ஒரு வாடை. அவள் குனிந்து சோறு போடும்போது அது என் தட்டுக்கு வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவேன். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளரை எடுத்துத் தனியாக அலமாரியின் ஓரத்தில் வைத்தேன். அவள் கவனிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

"என்னாங்க, என் டம்ளரு மட்டும் ஓரமா ஒக்காந்திருக்கு?"

"கலந்துடக்கூடாதுன்னுதான்."

"எங்க தோட்டத்துல அந்தக் காலத்துல சில பேருக்குத் தனியா செரட்ட வச்சிருந்தாங்களாம். எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். வாத்தியாரு வீட்டுலயும் அந்த வழக்கம் உண்டா?"

வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரித்ததில் வலித்து, "ஐயோ" என்றாள். சாதிக்கு எதிராக மேடையேறிப் பேசியவன் நான். டம்ளரை மட்டும் திரும்ப அதன் பழைய இடத்தில் வைக்கவில்லை.

அந்த வாரம் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி டவுனுக்கு அழைத்துப் போனேன். கடைவீதியில் மாடியில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். சிங்கப்பூரில் முறையாகப் படித்தவர். அவளை நாற்காலியில் சாய்த்து, கொக்கி போன்ற கருவியால் பல்லைக் குடைந்து பார்த்தார். பஞ்சில் மஞ்சளும் சிவப்புமாக எதுவோ வந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவளை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார். அந்தக் காலத்தில் டாக்டர்கள் மனைவியின் உடம்பைப் பற்றிப் புருஷனிடம்தான் பேசுவார்கள். அதில் எனக்கோ அவருக்கோ ஒரு தவறும் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். இரண்டு வழி இருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிடலாம், இன்றே முடிந்துவிடும். ஆனால் வேர் நன்றாக இருக்கிறது. பல்லைத் திறந்து, உள்ளே செத்துப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, சில வாரங்கள் வந்து போனால் பல்லைக் காப்பாற்றலாம். சின்ன வயது, காப்பாற்றுவது நல்லது, பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாயும், மென்று தின்பதும் பழையபடி இருக்காது என்றார். "வீட்டில் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்."

பணம் காரணமில்லை, கையில் இருந்தது. காரணம் இரண்டு. சில வாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த வாடை இன்னும் சில வாரம் என் வீட்டில் இருக்கப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்னொன்று இதைவிடக் கேவலம். வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் ஊர் திரும்பவிருந்தார். அவருக்கு வழியனுப்புத் தேநீர் விருந்து. ஆசிரியர்கள் மனைவியோடு வரவேண்டும். அவள் வாயைத் திறந்து அந்த மனிதரிடம் பேசுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

வெளியே வந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா சொன்னாரு?"

"பிடுங்கணுமாம்."

"வேற வழியே இல்லியாமா?"

"இல்ல."

"அப்படின்னா சரி. பிடுங்கட்டும்."

உள்ளே போய் டாக்டரிடம், அவளுக்குப் பிடுங்குவதே விருப்பம் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தோளைக் குலுக்கிவிட்டு ஊசியை எடுத்தார்.

சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாக ஏறவில்லை. பல் உடைந்தது. வேரை நெம்பி நெம்பி எடுத்தார். அவள் கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்ததை நான் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும் டாக்டர் துண்டுகளைப் பஞ்சில் வைத்து நீட்டினார். வேர் நுனியில் கொழகொழவென்று ஒரு பை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டவில்லை. அவள் வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து நிதானமாகப் பார்த்தாள். "பாவம்" என்றாள். பல்லைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா தெரியவில்லை.

பிடுங்கிய குழி ஆறவில்லை. எலும்பு தெரிய வறண்டு கிடந்தது. அதன் நாற்றத்துக்கு முன்னால், முன்பு இருந்த வாடை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. விருந்துக்கு நான் தனியாகப் போனேன். மனைவி தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, சாண்ட்விச் தின்றேன். அவள் அந்த நேரம் வீட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

மெர்டேக்கா வந்தது. கொடி ஏறியது. அவள் வலப்பக்கமாக மட்டும் மெல்லப் பழகிக்கொண்டாள். படம் பார்க்கப் போனால் கச்சாங் பூத்தே கேட்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து என் கடைவாய்ப்பல்லில் அதே குழி, அதே வீக்கம். இப்போது என் வாயே எனக்கு நாறியது. நாக்கால் தொட்டால் உப்புக் கரித்தது. அதே டாக்டரிடம் போனோம். அவளும் கூட வந்தாள். அதே இரண்டு வழிகளைச் சொன்னார். "காப்பாற்றுங்கள்" என்றேன். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நரம்பை எடுத்த அன்று அவள் என் பக்கத்தில் நின்று துப்பும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தாள். டாக்டர் கருவியைத் துடைத்தபடி அவளைப் பார்த்துச் சந்தை மலாயில் சகஜமாகப் பேசினார். "அன்றைக்கு உங்கள் பல்லையும் இதே மாதிரி காப்பாற்றியிருக்கலாம். நீங்கள்தான் வேண்டாம், பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டீர்களாமே."

என் வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே பஞ்சு. என்னால் பேச முடியவில்லை, முடிந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிண்ணம் ஆடவில்லை.

"ஆமா டாக்டர்," என்று மலாயில் சொன்னாள். "அப்போ பயந்துட்டேன்."

வீடு வரும்வரை ரிக்‌ஷாவில் அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் கொப்பளித்து எனாமல் பேசினில் துப்பினேன். மருந்தும் இரத்தமும் கோழையுமாக நூல் விட்டது.

"ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"நீ வலியில துடிச்ச. பாக்க முடியல. அதான் சீக்கிரம்..."

"நாத்தம்தானே?"

நான் இன்னொரு வாய் உப்புத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தேன்.

"இப்ப உங்க வாய் மட்டும் என்னா, மல்லியப்பூவா மணக்குது?"

பேசினை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவள் அதைக் கையாலேயே தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. மன்னித்துவிடு என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நான் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒன்று மட்டும் மாறியது. எந்த டாக்டரிடம் போனாலும் அவளே உள்ளே போனாள். பிரசவத்துக்குப் போனபோதும் அப்படித்தான். "நீங்க இங்க ஒக்காருங்க, நானே கேட்டுக்கிறேன்" என்பாள். நடுவயது தாண்டுவதற்குள் அவள் பற்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து ஆடி விழ, முழுச்செட்டு வைத்துக்கொண்டாள். அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பாள். அந்தக் கிண்ணத்திலிருந்தும் நான் கண்ணை விலக்கிக்கொள்வேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் கழித்து அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், பழைய பழக்கம் போலும், என்னை வராந்தாவுக்கு வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான் எழுந்தேன்.

"அவரு வேணாம்," என்றாள் கட்டிலிலிருந்து. "என்கிட்டயே சொல்லுங்க. ஒண்ணுவிடாம சொல்லுங்க."

திரையை இழுத்துவிட்டார்கள். நான் வெளியே நின்றேன். பிறகு கூப்பிட்டார்கள்.

"அறுக்க வேணாம்னு சொல்லிட்டேன். வீட்டுக்குப் போவோம்."

"அறுத்தா என்னா ஆகும்னு சொன்னாரு?"

"எல்லாத்தையும்தான் சொன்னாரு. கேட்டுக்கிட்டேன். கேட்டுத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தோம். கடைசி வாரங்களில் அவளைத் துடைத்துத் துணி மாற்றுவதை நானே செய்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நோய்க்கும் ஒரு வாடை இருந்தது. துணியை உருவும்போது, அந்தக் காலத்தில் சோற்றுத் தட்டின் முன்னால் செய்தது போலவே மூச்சை அடக்கிக்கொண்டேன். கிழவனாகியும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

"மூச்ச விடுங்க," என்றாள். "எனக்கு முந்திப் போய்ச் சேந்துடப் போறீங்க."

பல்லில்லாத வாயால் சிரித்தாள். நான் மூச்சு விட்டேன். பிறகு அந்த வாடையோடு உள்ளே இழுத்தேன்.