நெடுந்தீவில் ஒரு குடிபூரல்

கதிர்காமு முப்பத்தொரு வருடங்கள் யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பஸ் ஓட்டினார். குறிகட்டுவானில் தெரு முடிந்துவிடும். இறங்கிய சனம் பைகளோடு படகுகளுக்கு ஓட, அவர் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டுப் பிளேன்ரீ குடித்தபடி கடலைப் பார்த்திருப்பார். நெடுந்தீவுக்கு வாழ்நாளில் இரண்டே தரம் போயிருந்தார். ஒன்று செத்தவீடு, மற்றது கலியாணம். இரண்டுக்கும் விடியப் போய்ப் பின்னேரப் படகில் திரும்பியாயிற்று. அடுத்த நாள் பஸ் எடுக்கவேண்டுமே.

கொண்டக்டர் பத்திநாதர் தினமும் ஒரே பகிடியைத்தான் விடுவார். "அண்ணை, இண்டைக்குத் திருப்பாதேங்கோ. நேர விடுங்கோ, நெடுந்தீவில போய்ப் படுப்பம்."

பத்திநாதர் போன வருடம் ஆவணியில் காலமானார். கார்த்திகையில் கதிர்காமு ஓய்வு பெற்றார். வீட்டில் இருந்து பத்து நாள் ஆகவில்லை, நோர்வேயில் இருக்கும் மகன் நிலக்ஷன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு வானுக்குள் கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் இருந்தன. பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் விடுமுறைக்கு நின்றார்களாம். கதிர்காமு அதை ஏழு தரம் போட்டுப் பார்த்துவிட்டு மனைவி மீனலோசனியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வேலணையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கிய ஒரு பழைய வான் கிடைத்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஊர்காவற்றுறைத் தச்சர் பஸ்ரியாம்பிள்ளையிடம் கொண்டுபோனார். அவர் வேப்பம் பலகையில் ஒரு கட்டிலும், காஸ் அடுப்பு வைக்க ஒரு பெட்டியும் செய்து பூட்டினார். மீனலோசனி தன் பழைய நீலச் சேலையை வெட்டித் திரைச்சீலை தைத்தார். அதைப் பார்த்த பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ட்ராக்டர்ப் பெட்டிக்குள் படுத்தது போதாமலோ இப்ப திரும்ப வெளிக்கிடுகிறீர்கள் என்று வேலிக்கு மேலால் கேட்டார்.

"அது துரத்தப் போனது," என்றார் கதிர்காமு. "இது நாங்களா விரும்பிப் போறது."

அவருக்கு வேண்டியது ஒரேயொரு இரவு. நெடுந்தீவுக் கரையில், தன் வானுக்குள், அலைச்சத்தம் கேட்டபடி படுக்கவேண்டும். எந்த பஸ்ஸையும் எடுக்கத் தேவையில்லாமல் விடியவேண்டும்.

ஆயத்தங்கள் மும்முரமாகின. கடலை எழுப்பும் சோளகக் காற்றுத் தொடங்கமுன்னர், பங்குனியில் போவது என்று முடிவாயிற்று. நெடுந்தீவுக்குச் சீமெந்தும் மணலும் கொண்டுபோகிற தட்டைப்படகில் வானை ஏற்றலாம் என்று படகோட்டி ஜெனிஸ்ரன் ஒத்துக்கொண்டான். கதிர்காமு ஒரு கயிற்றில் வானின் நீளத்துக்கு ஒரு முடிச்சும் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கொண்டுபோய்ப் படகில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சியது.

இதற்கிடையில் மீனலோசனி சாமான் ஏற்றத் தொடங்கியிருந்தார். தீவாரின் வழக்கம் அது. கடல் எழும்பினால் படகு வராது. ஒரு நாள் பயணத்துக்குப் பத்து நாள் சாப்பாடு வேண்டும். அரிசி, மா, தேங்காய், புட்டுப்பானை, நல்ல தண்ணீர் ஆறு பிளாஸ்டிக் கான் என்று எல்லாம் ஏறி முடிய, கட்டிலைக் காணவில்லை.

"இஞ்சாரும், நாங்கள் எங்க படுக்கிறது?"

மீனலோசனி யோசித்துப் பார்த்துவிட்டுத் தேங்காய்களை மட்டும் இறக்கினார்.

அதெல்லாம் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினையைக் கதிர்காமு தானே தேடிக்கொண்டார். வானை நிறுத்தக் கல்லில்லாத நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்க, நெடுந்தீவில் இருக்கும் நல்லம்மாவுக்குப் போன் எடுத்தார். நல்லம்மா மீனலோசனியின் சித்தப்பா மகள். ஏன் நிறுத்த, எங்கே படுக்க என்று அவர் ஒவ்வொன்றாய்க் கேட்க, இவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அத்தான், என்ர வீட்டில மூண்டு அறை சும்மா கிடக்குது. நீங்கள் கடற்கரையில படுத்தால் இஞ்சத்தைச் சனம் என்னத்தைக் கதைக்கும்? வாசலுக்கு வந்த அக்காவையும் அத்தானையும் நல்லம்மா உள்ள எடுக்கேல்லை எண்டெல்லோ."

போன் வைக்கப்பட்டது. மீனலோசனி புட்டுப்பானையை வானிலிருந்து இறக்கிக் குசினிக்குள் கொண்டுபோனார். தங்கச்சியின் மனதை நோகடித்துவிட்டு நெடுந்தீவில் கால் வைக்க ஏலாது என்றார். நல்லம்மா வீட்டில் படுப்பதென்றால் பிறகு வான் எதற்கு? ஒரு கிழமை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வான் மாமரத்துக்குக் கீழே நின்றது. கோழி ஒன்று அதற்கடியில் முட்டையிடத் தொடங்கியது.

எட்டாம் நாள், வானுக்குள் ஏறிப் பலகைக் கட்டிலில் சும்மா இருந்தபோது கதிர்காமுவுக்கு அந்த யோசனை வந்தது. கூரை இருக்கிறது, வாசல் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. இன்னும் ஒரு நாள்கூட ஆட்கள் படுக்கவில்லை. அங்கிருந்தே போன் எடுத்தார்.

"நல்லம்மா, நாங்கள் ஒரு புது வீடு எடுத்திருக்கிறம். இன்னும் குடிபூரேல்லை. நீர்தான் பால் காய்ச்சித் தரவேணும்."

நல்லம்மாவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. புது வீட்டில் குடிபுகப் பால் காய்ச்சினால் வீட்டுக்காரர் அன்றிரவு அங்கேதான் படுக்கவேண்டும். வேறு வீட்டில் போய்ப் படுக்கக்கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்த முறை. அதை மீறச் சொல்ல நல்லம்மாவாலும் ஏலாது.

"நீங்கள் பொல்லாத ஆள் அத்தான்," என்றார். "பஞ்சாங்கம் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பயணம் முழுவதும் நல்லம்மாவின் கைக்குப் போய்விட்டது. கதிர்காமு குறித்த நாள் கரிநாளாம். நல்லம்மா வேறு நாள் சொன்னார். வாசல் கிழக்கே பார்க்கவேண்டும் என்றார். அப்படியென்றால் மேற்குக் கரை சரிவராது, கடல் முதுகுப்பக்கம் வந்துவிடும். கிழக்குக் கரையில் தன் மாமனாரின் காணியே கிடக்கிறது, அங்கே நிறுத்தலாம் என்றார். இங்கே மீனலோசனி புட்டுப்பானையைத் திரும்ப ஏற்றினார்.

அந்த நாள் கடல் அசையாமல் கிடந்தது. இறங்கும்போது நேரே விடலாம் என்று, கதிர்காமு வானைப் பின்பக்கமாகவே தட்டைப்படகில் ஏற்றினார். ஜெனிஸ்ரன் சில்லுகளுக்குக் கல் வைத்தான். கரையில் நின்ற பஸ் சாரதிகள் ஹோண் அடித்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கடலுக்கு மேல் போனார். பிடிக்கத் தேவையில்லை என்று மீனலோசனி சொல்லியும் விடவில்லை.

பின்னேரம் நல்ல நேரத்தில் பால் பொங்கி, காஸ் அடுப்பில் வழிந்தது. நல்லம்மா இருபது பேரைக் கூட்டிவந்திருந்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராய் வானுக்குள் ஏறி இறங்கினார்கள். கட்டில் நல்லாயிருக்குது, அறைதான் கொஞ்சம் இடம் காணாது என்று ஒரு கிழவர் கருத்துச் சொன்னார்.

பொழுதுபடச் சனம் கலைந்தது. நல்லம்மா கடைசியாக இறங்கினார். வானில் இருந்த தலையணைகள் நல்லாயில்லை என்று தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டையும் உள்ளே கொடுத்தார். பிறகு, அவர்கள் எழும்பி வழியனுப்ப வந்துவிடாதபடி, தானே வான் கதவைப் பாதி இழுத்தார்.

"இனி விடியும்வரைக்கும் ஒருத்தரும் வெளிக்கிடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"ஓம்," என்றார் கதிர்காமு.