நான்கடி வழியை அழித்த ஜாக்குலின்

கேளம்பாக்கத்துப் பக்கம் பழைய வீடு வாங்க விரும்புபவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன் ஜாக்குலின் எடுத்த படங்களைப் பார்த்துவிடுவார். வீட்டை நேரில் பார்த்த பிறகும் பலர் படங்களையே நம்பினார்கள்.

ஜாக்குலினுக்கு முப்பத்தாறு வயது. படூரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் கணவருடன் குடியிருக்கிறார். ஞானஸ்நானமும் காதணி விழாவும் படமெடுத்துப் பிழைத்துவந்தவரைப் பழைய வீடுகளின் பக்கம் அழைத்துவந்தவர் பிரவின்குமார் என்ற வீட்டுத் தரகர். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை, ஓடு வேய்ந்த எதுவும் தப்பாமல் விற்றுக்கொடுப்பது அவர் தொழில். சொந்தக்காரர் தொண்ணூறு ஆண்டு என்று சொல்லும் வீட்டைப் பிரவின்குமார் நூற்றிருபது ஆண்டு என்பார். விளம்பரப் புத்தகம் அச்சாகி வரும்போது அதற்கு இருநூறு வயது ஆகியிருக்கும்.

வயதைக் கூட்டுவது பிரவின்குமாரின் பொறுப்பு. கண்ணுக்கு உறுத்துவதைக் குறைப்பது ஜாக்குலினின் பொறுப்பு. முற்றத்துப் படத்தில் அழித்த மின்கம்பி மாடிப் படத்தில் மறுபடி தலைகாட்டினால் வாங்குபவர் குழம்புவார். ஆகவே, எந்த வீட்டில் எதை அழித்தோம், எதைச் சேர்த்தோம் என்பதை வரிசை எண்ணிட்டு ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அந்த ஏட்டின்படி, மூன்று ஆண்டுகளில் நாற்பத்தொரு வீடுகளிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு மின்கம்பிகள், இருபத்தேழு தண்ணீர்த் தொட்டிகள், ஒன்பது காயும் லுங்கிகள், ஒரு செல்போன் கோபுரம் ஆகியவை அகற்றப்பட்டுள்ளன. யாருக்கும் மின்சாரம் நிற்கவில்லை. யாரும் லுங்கி இல்லாமல் தவித்ததாகவும் தகவல் இல்லை.

நாற்பத்தொன்றாவது வீடு மாங்குடிப்பாக்கத்தில் இருந்தது. அது ஜாக்குலின் பிறந்த ஊர். ஊரார் பெரிய வூடு என்று சொல்லும் அந்த வீட்டின் நிலத்தில்தான் அவருடைய தாத்தாவும் தந்தையும் கூலி வேலை செய்தார்கள். தம் குடும்பத்தில் அந்த முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்த முதல் ஆள் ஜாக்குலின். தோளில் கேமராப் பையுடன் வந்தவரை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்கக்கூடியவர்கள் நியூஜெர்சியில் இருந்தார்கள்.

வீட்டின் பின்மனையைக் குறுக்கே கடந்து, காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நான்கடி அகல மண்வழி ஒன்று செல்கிறது. காலனியில் இறந்தவர்கள் அனைவரும் அவ்வழியாகவே போனார்கள். ஜாக்குலினின் தந்தை ஏசுதாஸும் அப்படித்தான் போனார். வழிக்குப் பட்டா இல்லை. வருவாய்த்துறை வரைபடத்தில் ஒரு கோடும் இல்லை. ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பிணம் போவதற்கு ஊர் சம்மதித்ததாகவும் எந்தப் பதிவும் இல்லை.

மொட்டை மாடியிலிருந்து எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பார்த்த பிரவின்குமார் முகம் சுளித்தார்.

"அக்கா, நடுவுல இன்னா கோடு மாதிரி போய்க்கினு கீது?"

"வயி. கல்லறைக்குப் போற வயி."

"கல்லறையா? அத்த ஏன் காட்டிக்கினு! எட்த்துடு. வாங்க வர்றவன் தோட்டத்துல குந்திக்கினு நாஸ்தா துன்ற மாதிரி நெனச்சிப் பாக்க வாணாவா?"

"எங்கப்பா போன வயிடா அது."

"போட்டோலதானக்கா எடுக்கச் சொல்றேன். வயி எங்க போவப் போவுது? அங்கியேதான் கீது."

இந்த வாதத்தில் ஜாக்குலினுக்குக் குறை தெரியவில்லை. தோட்டத்தின் இடப்பக்கத்துப் புல்லை நகலெடுத்து வழியின் மேல் பரப்பப் பதினொரு நிமிடம் ஆயிற்று. ஏட்டில் அந்த வீட்டுக்கான ஏழாம் எண்ணாக, 'பின்மனை, மண்வழி' என்று எழுதினார். புத்தகத்தில் அது 'உப்பங்கழி வரை தடையில்லாத புல்வெளி' என்று வந்தது.

நான்கு மாதத்தில் வீடு விற்றது. வாங்கியவர் கிருபாகரன், சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உயர் அதிகாரி. பத்திரம் பதிவான பின் ஒருநாள் விளம்பரப் புத்தகத்துடன் மொட்டை மாடியில் ஏறி நின்று கீழே பார்த்தார். படத்தில் இல்லாத வழி தரையில் இருந்தது. இரண்டில் தவறு தரையுடையது என்று முடிவுசெய்தார். அக்டோபர் ஒன்பதாம் தேதி, வழியின் இரு முனைகளிலும் கருங்கல் கால் நட்டு முள்கம்பி கட்டப்பட்டது.

மூன்று நாள் கழித்து ஜாக்குலினின் அத்தை காசியம்மாள் ஷேர் ஆட்டோ பிடித்துப் படூருக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

"இன்னாடி, உங்கப்பன் போன வயிய புல்லு வெச்சி மூடிட்டியாமே?"

"அத்த, நான் போட்டோலதான்..."

"அந்தப் போட்டோவத்தான் காட்றான் அந்த ஆளு. வயியே இல்ல, பாரும்மா, புல்லுதான்றான். அந்த எடத்துல ஆடுகூட வாய வெக்காது. எங்கேர்ந்துடி கொண்ணாந்த புல்ல?"

"அதே தோட்டத்துலதான் அத்த. எடது பக்கத்துலேர்ந்து."

"ரொம்ப நல்லது. கல்லறத் திருநாளுக்கு இருவத்தோரு நாளு கீது. நவம்பர் ரெண்டு அன்னிக்கு எந்தம்பி கல்லறையில மெயுவத்தி வெக்கணும். வயிய அயிச்சவ நீ, நீயே வந்து தொற."

காலனிக்காரர்கள் கொடுத்த மனுவின்பேரில் தாலுகா அலுவலகத்தில் அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி பேச்சுவார்த்தை நடந்தது. கிருபாகரன் பளபளப்பான புத்தகத்தை மேசையில் வைத்தார். காலனிக்காரர்களிடம் வைப்பதற்கு அவ்வழியில் நடந்த கால்கள்தாம் இருந்தன. ஜாக்குலின் அசல் படத்தை அச்சிட்டு, ஏட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

வட்டாட்சியர் இரு படங்களையும் அருகருகே வைத்தார்.

"இதுல எதும்மா ஒரிஜினல்?"

"மங்கலா இருக்குறது, சார்."

"கலரா இருக்குறது?"

"அது நான் செஞ்சது."

"கலரா இருக்குறதுதானே உண்மை மாதிரி இருக்கு?" என்று வியந்த வட்டாட்சியர், படத்தில் செய்த மாற்றங்கள் அனைத்தையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டார்.

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரைத் தாழ்வாரத்தில் பிரவின்குமார் மடக்கினார்.

"அக்கா, நீ கையெயுத்துப் போட்ட, நாப்பத்தொரு வூட்டுக்காரனும் புக்கத் தூக்கிக்கினு வருவான். எனக்கும் பேஜாரு, உனக்கும் பேஜாரு. இனிமே எவன் உன்னக் கூப்புடுவான்?"

"எங்க அத்தைக்கு இன்னா பதில்டா சொல்றது?"

"அத்தைக்கு நான் ஆட்டோ வெக்கிறேன். சுத்திக்கினு போவட்டும்."

"செத்தவங்களுக்கும் ஆட்டோ வெப்பியா?"

ஜாக்குலின் மரப்பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். ஏழாம் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் போதும். ஆனால் 'அனைத்தும்' என்று கேட்ட அதிகாரிக்கு அனைத்தையும் கொடுப்பதே முறை என்று கருதி, ஏட்டில் அந்த வீட்டுக்கு இருந்த பத்தொன்பது பதிவுகளையும் வரிசையாகப் பெயர்த்தெழுதினார். இன்னொரு தாள் கேட்டு வாங்கினார். பிரவின்குமார் பன்னிரண்டாம் பதிவு வரை தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு மெல்ல மாடிப்படி இறங்கினார்.

வாக்குமூலத்தின் ஒரு படி கிருபாகரனுக்கும் தரப்பட்டது. ஏழாம் பதிவில் உதட்டைப் பிதுக்கியவர், பன்னிரண்டில் நின்றார்.

"தென்சுவரில் விரிசலா?"

"ஏழடி நீளம், சார்."

அவர் வீடு பார்க்க வந்த நாளில் அதன்மேல் புது வெள்ளை பூசப்பட்டிருந்தது. பதினாறாம் பதிவுக்கு வந்தபோது அவர் குரல் தாழ்ந்தது.

"மாடி ஜன்னலில் தெரிந்த கடல்?"

"அது கோவளத்துலேர்ந்து எடுத்து ஒட்டினது, சார்."

மூடுபனி விலகினால் கடல் தெரியும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆறு மாதமாக விலகாத மூடுபனி அந்த அறையில் விலகிற்று. அவர் எழுந்து, "பிரவின்குமார்!" என்று கூவினார். தாழ்வாரம் காலியாக இருந்தது.

நீண்டகால வழக்கத்தில் உள்ள வழியைத் திறந்துவிட வேண்டும் என்று வட்டாட்சியர் ஆணை எழுதினார். ஆட்சேபம் உண்டா என்று இருமுறை கேட்டார். கிருபாகரன் கட்டடப் பொறியாளர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததால், ஆட்சேபம் இல்லை எனப் பதிவாயிற்று. இருபத்தெட்டாம் தேதி கருங்கற்கள் பிடுங்கப்பட்டன.

அந்த வாரத்தோடு ஜாக்குலினைப் பழைய வீட்டுப் படத்துக்கு யாரும் அழைப்பதில்லை. அடுத்து வந்த முதல் அழைப்பு கிருபாகரனுடையது: வழக்குப் போடுவதற்கு, வெள்ளையைச் சுரண்டிய விரிசலை உள்ளது உள்ளபடி எடுத்துத்தர வேண்டும். எடுத்துக்கொடுத்தார், அருகில் அளவுகோல் வைத்து. அதைப் பார்த்து வங்கி மதிப்பீட்டாளர் ஒருவரும் அழைத்திருக்கிறார்.

நவம்பர் இரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு, காலனிப் பெண்கள் சாமந்திப் பூவும் மெழுகுவத்தியுமாக அந்த வழியில் போனார்கள். ஜாக்குலின் அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். தென்சுவரடியில் நின்றிருந்த கிருபாகரன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, இந்த விரிசல் எப்போதிலிருந்து இருக்கிறது? உங்களுக்குத் தெரியுமா?"

காசியம்மாள் சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

"தெரியாமயா? தொண்ணூத்தாறு மழையில வுட்டது. நான்தான் சுண்ணாம்பு அடிச்சேன். அஸ்திவாரமே எறங்கிட்ச்சி, பூசாதீங்கன்னு அப்பவே சொன்னேன். கூலிக்காரி பேச்ச எவன் கேட்டான்?"

"வேறு எங்கெல்லாம் இருக்கிறது?"

"நெறைய கீதுப்பா. நின்னுக்கினு சொல்ல நேரமில்ல, சாமியார் வந்துடுவாரு. வேணும்னா கூட நடந்துகினே கேளு."

கிருபாகரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, அவர் பின்னால் வழியில் இறங்கினார்.