அற்புதம் டீச்சரின் ஏழாம் பக்கம்

போத்தனூரில் சர்ச்சை ஒட்டிய கூடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் அற்புதம் டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். பதினான்கு வருடமாகத் தன் கையால் எழுதிய ஒரே நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார். நானும் அந்த நோட்டோடுதான் விமானம் ஏறினேன்.

அதில் ஏழாம் பக்கம் தவறுகளைப் பற்றியது. மிஸ்டேக், எரர், ஃபால்ட் என்ற மூன்றுக்கும் எதிரே ‘தப்பு’ என்று ஒரே சொல். கீழே ஒரு விதி: யாராவது குறை சொன்னால் ‘இது எங்கள் ஃபால்ட்’ என்று பதிலைத் தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. விருந்தாளி தாமதமாக வந்து சோறு ஆறிப்போனாலும், தப்பு எங்களுடையது என்று சொல்லித்தான் பரிமாறுவோம். டீச்சர் அதை அப்படியே ஆங்கிலத்துக்கு ஏற்றியிருந்தார்.

அந்த விதிப்படிதான் கிருபாசங்கர் மெயில் எழுதினார். பாலுசாமியின் பம்ப் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்ப்பவர், டீச்சரிடம் இரண்டு வருடமாகப் படிப்பவர். கென்யாவில் இருந்து, பம்பு சரியாகத் தண்ணீர் எடுக்கவில்லை என்று புகார் வந்தது. ‘முழுக்க எங்கள் ஃபால்ட்’ என்று பதில் போனது. பிறகு அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால், இரண்டு ஒயர்களை அவர்களே இடம் மாற்றி இணைத்திருக்கிறார்கள். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஆனால், நீங்களே ஒப்புக்கொண்டீர்களே என்று அவர்கள் பழைய மெயிலைக் காட்டினார்கள். மாதக் கடைசிக்குள் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி பாலுசாமி சொல்லிவிட்டார்.

கிருபாசங்கர் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். டீச்சர் போன் செய்தபோது அவர் மனைவி கீதா எடுத்து, நடந்ததைச் சொன்னார். டீச்சர் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் டீச்சரைக் குடைந்திருக்க வேண்டும். உடனே வெள்ளைக்காரர்கள் ஊரான லீட்ஸில் இருக்கும் என்னைப் போனில் கூப்பிட்டார்.

“ஃபால்ட்டுன்னு எழுதுனா அங்க என்னன்னு எடுத்துக்குவாங்க, கண்ணு?”

எரர் என்றால் எங்கோ பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். ஃபால்ட் என்றால் அதற்குப் பொறுப்பாளி நான் என்று கையெழுத்துப் போடுவது மாதிரி என்றேன்.

“பதினாலு வருசமா தப்பாச் சொல்லிக்குடுத்துப்போட்டனே.”

கம்பெனிக்கே போய்ச் சொல்லப் போகிறேன் என்றார். இனி வருகிறவர்களுக்கு மாற்றிச் சொன்னால் போதும், கம்பெனிக்கெல்லாம் போக வேண்டாம் என்றேன். வெளியே தெரிந்தால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்ற பயம் எனக்கு. அவருக்கு அந்தப் பயம் இல்லாமலில்லை. இருந்தும் திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பாலுசாமி முன்னால் ஏழாம் பக்கத்தை விரித்து வைத்து, கிருபாசங்கர் எழுதியது தான் சொல்லிக்கொடுத்ததுதான் என்றார். வேலையை விட்டு அனுப்புவதென்றால் தன்னைத்தான் அனுப்ப வேண்டும், ஆனால் தான் அங்கே வேலையில் இல்லையே என்றும் சொன்னாராம். பாலுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க டீச்சர், அந்த மெயில அனுப்பறக்கு முன்னால நானும் படிச்சனுங்க. மரியாதையா எழுதியிருக்கான்னுதான் நெனச்சேன்.”

கிருபாசங்கரை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து புது மெயில் எழுதினார்கள்: ஒயரிங்கில் எரர் இருக்கிறது, எந்த ஒயரை எங்கே மாற்றுவது என்று படம் இணைத்திருக்கிறோம், மாற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த முறை யார் தப்பு என்றே எழுதவில்லை. கிளம்பும்போது, சனிக்கிழமை வகுப்புக்குத் தானும் வரலாமா என்று பாலுசாமி கேட்டிருக்கிறார்.

கென்யாவில் இருந்து இன்னும் பதில் வரவில்லை. கிருபாசங்கர் வேலையில் இருக்கிறார். டீச்சர் பழைய மாணவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து ஏழாம் பக்கத்தைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று வரைக்கும் அறுபத்திரண்டு பேர். ஒருவர்கூடக் கோபப்படவில்லையாம், பாதிப் பேர், ஒழுங்காகப் படிக்காதது தங்கள் தப்புதான் என்றார்களாம்.