கிளித்தட்டுக்குள் உருண்ட பந்து: கொடிகாமத்திலிருந்து தெல்லிப்பழைக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கொடிகாமத்திலிருந்து தெல்லிப்பழைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் வந்தேன். கோயிலுக்கோ கலியாணத்துக்கோ அல்ல, உதைபந்தாட்டப் பயிற்சி ஒன்றைப் பார்ப்பதற்காக. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குபவர்கள் அங்கே போக விரும்பினால் உதவும் என்று நேரம், பஸ் காசு, தூரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பதினோராம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடசாலையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளின் அணிக்குப் பின்னேரப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை விளையாட்டு ஆசிரியர் என்னிடம் தந்திருந்தார். நான் பெரிய ஆட்டக்காரி அல்ல. நூலகத்தில் இருந்த பயிற்சிப் புத்தகத்தை மூன்று முறை வாசித்தவள் என்பதுதான் என் தகுதி. புத்தகத்தில் உள்ளபடியே செய்வித்தேன். சுவருக்கு ஐம்பது தரம் பந்தடிக்க வேண்டும், பிளாஸ்டிக் கோன்களைச் சுற்றி இருபது தரம் பந்தோடு திரும்ப வேண்டும். ஐந்து கிழமையில் பதினாறு பேர் ஒன்பது பேரானார்கள். திங்கட்கிழமைக்குள் பதினொரு பேராவது இல்லாவிட்டால் போட்டிக்குப் பெயர் அனுப்ப முடியாது, அணியைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

முதலில் விலகியவள் நிவேதா. வயது பன்னிரண்டு. அணியிலேயே திறமான கால் அவளுடையது. அவள் போனதும் அவளுடைய கூட்டாளிகளும் பின்னால் போனார்கள். ஏன் வருவதில்லை என்று அவளுடைய வீட்டுப் படலையில் நின்று கேட்டேன்.

"சுவருக்கு அடிக்கிறதுக்குச் சுவர் மட்டும் போதும் அக்கா. நான் என்னத்துக்கு?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கவில்லை. தெல்லிப்பழைப் பக்கம் கௌசி என்று ஓர் அக்கா விளையாட்டுக்களாலேயே பந்து பழக்குகிறார் என்று சித்தியின் மகள் சொல்லியிருந்தாள். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சனிக்கிழமை வரச் சொன்னார். நிவேதாவின் அம்மாவிடம் கேட்டு அவளையும் கூட்டிக்கொண்டேன். அவள் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிரீம். மற்றது, "பயிற்சிக்குத் திரும்பி வருவன் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ."

காலை 6.20க்குக் கொடிகாமத்தில் பஸ் ஏறினோம். யாழ்ப்பாணத்துக்கு ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபா, ஐம்பது நிமிட ஓட்டம். சந்தைக்குப் போகும் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில்தான் நிற்க இடம் கிடைத்தது. நடத்துநர் என் கையில் இருந்த பந்தைப் பார்த்தார்.

"உந்தப் பந்தை இறுக்கிப் பிடி பிள்ளை. முன்னுக்கு உருண்டு வந்துதெண்டால் ட்ரைவர் அண்ணை கோல் அடிச்சுப் போடுவார்."

"அவருக்குப் பிறேக் அடிக்கவே கால் எட்டாது," என்றாள் நிவேதா. நல்லவேளை, மெதுவாகத்தான் சொன்னாள்.

7.30க்குக் காங்கேசன்துறை பஸ். தெல்லிப்பழைச் சந்தியில் இறங்க ஆளுக்கு எழுபத்தைந்து ரூபா எடுத்தார்கள். 8.10க்கு இறங்கி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்தோம். ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை, ஆனால் தொப்பி தேவை.

மைதானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு செம்மண் வெளி. கிழமை நாட்களில் விதைக் கடையில் வேலை செய்யும் கௌசி அக்கா, ஓட்டை போட்ட பால்மாத் தகர ரின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதை ஆட்டி ஆட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு நிலத்தில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. உதைபந்தாட்டக் கோடுகள் அல்ல, நாங்கள் எல்லோரும் விளையாடியிருக்கும் கிளித்தட்டின் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிப்பவள் ஒருத்தி நிற்பாள், கோட்டை விட்டு இறங்கக் கூடாது. நடுக்கோட்டில் ஓடித் திரிபவள் கிளி. ஒரே ஒரு மாற்றம், கடப்பவள் பந்தோடு கடக்க வேண்டும். பந்தில் மறிப்பவளின் கால் பட்டால் கடப்பவள் வெளியே போய்த் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

பிள்ளைகள் ஆடத் தொடங்கியதும் நான் கொப்பியைத் திறந்து, யார் எத்தனை தரம் பந்தைத் தொடுகிறாள் என்று எண்ணத் தொடங்கினேன். நான்காவது நிமிடத்தில் கௌசி அக்கா கொப்பியை வாங்கி வேப்பமரத்தடியில் வைத்தார்.

"ஒரு கோட்டுக்கு ஆள் குறையுது. போய் மறியும்."

போனேன். பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று பந்தோடு என் முன்னால் வந்தது. பெருவிரலால் தள்ளினாள். பிழை. கையை உயர்த்தி நிறுத்தி, பாதத்தின் உட்பக்கத்தால் தள்ள வேண்டும் என்று விளக்கினேன்.

"அக்கா, நீங்கள் மறிக்கிறியளோ, மார்க் போடுறியளோ?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவள் கோட்டைக் கடந்துவிட்டாள். எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தது மரத்தடியில் இருந்த நிவேதா. சிரித்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

நான்கு தரம் பந்தைப் பறிகொடுத்தாள். ஐந்தாவது தரம் நேராக என் கோட்டுக்கு வந்தாள். நான் பாய்ந்தேன். அவள் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கத்தால் போய்விட்டாள். கோன்களைச் சுற்றி நான் எத்தனையோ தரம் செய்வித்தும் அவளுக்கு வராத அதே திருப்பம்.

"எத்தினையாந் தரம் சரி வந்தது எண்டு எண்ணினீரோ?" என்று கௌசி அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா."

"அவளும் எண்ணேல்லை."

10.30க்கு முடிந்தது. நான் கேட்டு ஒரு பை சுண்ணாம்புத் தூள் வாங்கிக்கொண்டேன். நிவேதா தோட்ட வரம்பில் குந்தியிருந்து, தான் கொண்டுவந்த கடைப்பையில் செம்மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "வடிவா இருக்கு," என்றாள். பாரம், பஸ்ஸில் ஏசுவார்கள் என்று அவளைக் கடிந்துகொண்டேன். நடத்துநர் ஏசவில்லை.

"என்ன பிள்ளை, தெல்லிப்பழையிலை காணி வாங்கினனீங்களோ?"

"இப்போதைக்கு இவ்வளவுதான் அண்ணை."

யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிரீம் இரண்டு, ஐந்நூறு ரூபா. பிற்பகல் 2.15க்குக் கொடிகாமம். திரும்பி வருவாயா என்று வழி நெடுக நான் கேட்கவில்லை. அவள் வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கோடு போடுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன்.

ஞாயிறு நான்கு மணி. ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, நானும் ஓட்டை போட்ட ஒரு ரின்னை ஆட்டி ஆட்டி நீளமாக ஒரு கோடு போட்டேன். திரும்பிப் பார்த்தால் கோட்டைக் காணவில்லை. எங்கள் மைதானம் வெள்ளை மணல். பதினொரு வருடமாக அந்த மணலில் நடப்பவள் நான்.

"வெள்ளையிலை வெள்ளைக் கோடோ அக்கா?"

வாசலில் நிவேதா. கையில் செம்மண் பை, பின்னால் கூட்டாளிகள் மூன்று பேர். "அங்கை நிக்கேக்கையே நினைச்சனான், உங்களுக்கு இது விளங்காது எண்டு."

செம்மண் மூன்று கோடுகளுக்குத்தான் போதுமாக இருந்தது. மற்றவற்றைக் குதிக்காலால் கீறினோம். இருட்டும்வரை ஆடினோம். யாரையும் நான் நிறுத்தவில்லை, ஒரே ஒரு தரம் பிழை சொல்ல வாய் திறந்ததைத் தவிர. திங்கட்கிழமை பதின்மூன்று பெயர்கள் போயின. போட்டியில் வெல்வோமா தெரியாது. ஒருவரும் விலகக் கூடாது என்பதே என் இலக்கு. அதை விடப்போவதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை காலையில் மட்டும்தான் பயிற்சி. 6.20 பஸ்ஸைத் தவறவிட்டால் பாதி ஆட்டம் போய்விடும். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். விசிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உங்களோடு நின்று பிடிக்காமல் விலகிப்போன பிள்ளை ஒருத்தியைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவள் கையில் ஒரு வெறும் பையும் இருக்கட்டும்.