வேம்புக்கு அந்தப் பக்கத்து வளையம்

சௌந்தரம் 1941ஆம் ஆண்டு நரிக்குடியில் பிறந்தார். தந்தைக்கு அங்கே பலசரக்குக் கடை இருந்தது. 1961 ஆவணியில் அருப்புக்கோட்டை மிளகாய் வற்றல் வியாபாரி சங்கரலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டார். புகுந்த வீடு பள்ளிக்கூட மைதானத்துக்கு நேர் எதிரே இருந்தது. மைதானத்தின் நடுவில், கிழக்கு மேற்காக, ஒரு கூடைப்பந்துக் களம். களத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு வேம்பு. அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்த மரமாதலால், அதன் கிளையை வெட்ட எவரும் துணிந்ததில்லை. வீட்டு மாடியில் நின்று பார்த்தால் களத்தின் கிழக்கு வளையம் முழுதாகத் தெரியும். மேற்கு வளையம் இலைகளுக்குள் மறைந்திருக்கும்.

இவை உள்ளது உள்ளபடியான செய்திகள். அந்த ஊரில் கூடைப்பந்தின் மீது சௌந்தரத்தைப் போல உயிரை வைத்திருந்தவர் வேறொருவர் இல்லை என்பதை இவற்றுக்குப் பிறகு சொல்வதே முறை.

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஊர் வியாபாரிகள் சேர்ந்து அந்த மைதானத்தில் ஒரு பெரிய போட்டி நடத்தினார்கள். எட்டு அணிகள் வரும். மில் அணி, வங்கி அணி என்று எல்லாம் பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களின் அணிகள். தோற்ற அணி அன்று இரவே பஸ் ஏற வேண்டியதுதான். சௌந்தரம் மணமாகி வந்த அடுத்த கோடையில், மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளச் சாயங்காலம் ஏறியவர், கீழே விசில் சத்தம் கேட்டுக் கைப்பிடிச் சுவரருகே போய் நின்றார். வற்றலை அள்ளியது மறுநாள் காலையில்தான்.

ஆட்டத்தின் விதிகளை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த பாதிக் களத்தைப் பார்த்தும், தெரியாத பாதியைக் காதால் கேட்டும் தாமே புரிந்துகொண்டார். பந்து வேம்புக்குள் போகும். கூட்டம் ஆர்ப்பரித்தால் உள்ளே விழுந்துவிட்டது, 'ச்சே' என்றால் வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறுவதால், முதல் பாதியில் ஓர் அணி பந்து போடுவதையும் அடுத்த பாதியில் மற்ற அணி போடுவதையும் அவர் பார்த்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டையும் முழுதாகப் பார்த்ததே இல்லை. ஐந்து கோடைகள் இப்படிக் கழிந்தன. மைதானத்துக்குள் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. கூடாது என்று எவரும் விதித்ததில்லை. எவரும் போனதில்லை, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு நாளு கூட்டிட்டுப் போங்களேன். ரெண்டு ரிங்கையும் சேத்து ஒரு ஆட்டம் பாத்துட்டா என் ஆசை தீந்துரும்" என்று ஆண்டுதோறும் கணவரிடம் கேட்பார்.

சங்கரலிங்கம் போட்டிக் கமிட்டியில் உறுப்பினர். மைதானத்தில் புள்ளி எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி. 1967இல் இந்தக் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னார்.

"நீ சோறு போடுற டீமு பைனலுக்குப் போகட்டும். நானே கூட்டிட்டுப் போயி நாற்காலி போட்டு உக்கார வைக்கேன்."

அவர் துணிந்து சொன்னதற்குக் காரணம் இருந்தது. வரும் அணிகள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் படுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு மட்டும் வியாபாரிகளின் வீடுகளில் சீட்டுப் போட்டு வீட்டுக்கு ஓர் அணி என்று பிரித்துவிடுவார்கள். எந்த வீட்டில் சாப்பிடுகிறதோ, அந்த வீட்டு அணி என்றே தெருவில் பெயர். அணி ஜெயித்தால் வீட்டுச் சமையலுக்குப் புகழ். தோற்றால், "உங்க வீட்டுச் சோத்துல தெம்பு இல்லையாக்கும்" என்று தெருவே தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் கேட்பார்கள். சௌந்தரத்தின் வீட்டுக்கு வந்த அணிகள் ஐந்து ஆண்டும் முதல் ஆட்டத்திலேயே ஊர் திரும்பியிருந்தன.

பைப்படிக் கேலியில் முன்னால் நின்றவர் அடுத்த வீட்டு முத்துமாரியம்மாள். சௌந்தரத்தை விடப் பத்து வயது மூத்தவர். "எங்க டீமு செமி பைனல் ஆடும்போது உங்க டீமு ஊருல போயித் தூங்கி எந்திரிச்சிருக்கும்" என்று குடத்தை நிரப்பிக்கொண்டே சொல்வார். சௌந்தரம், "போங்கக்கா, நீங்க போடுற ரெண்டு இட்லிக்கு அவுக ஓடுறதே பெருசு" என்பார். இருவரும் மனதில் எதையும் வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் போட்டியை அடுப்படியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு சீட்டில் சௌந்தரத்துக்கு மதுரை மில் அணி விழுந்தது. கேப்டன் செல்லப்பாண்டி குள்ளம்தான், ஆனால் பந்து அவர் கையை விட்டுப் பிரிய மனமில்லாதது போல் கூடவே ஓடும். முதல் ஆட்டத்தில் மதுரை ஜெயித்தது. மாடியில் நின்றிருந்த சௌந்தரம், கையிலிருந்த வற்றலோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்த சந்தோஷத்துக்கும் சேர்த்து அழுதார்.

அரையிறுதியில் மதுரைக்கு எதிரே நின்றது திருச்சி அணி. அது முத்துமாரியம்மாள் வீட்டு அணி.

அன்று காலையிலிருந்து சௌந்தரத்தின் அடுப்பு அணையவில்லை. இன்று ஜெயித்தால் நாளை நாற்காலி. மத்தியானம் நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, நாட்டுக்கோழி வறுவல். ஆட்டக்காரர்கள் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் இலையில் இன்னொரு கரண்டி விழுந்தது. அதோடு விட்டிருந்தாலும் பிழையில்லை. இடுப்புக்கு வலு உளுந்தங்களியில்தான் என்று நரிக்குடியில் எல்லோரும் நம்புவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அவர்களைத் திரும்ப அழைத்து, கருப்பட்டி போட்டுக் கிண்டிய களியில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றி வைத்தார்.

"அக்கா, ஆறரைக்கு ஆட்டம்க்கா" என்றார் செல்லப்பாண்டி, தயங்கியபடி.

"அதுக்குத்தானய்யா சொல்றேன், சாப்பிடுங்க. ஓடுறதுக்கு இடுப்பு வேணாமா?"

அன்பாகச் சொன்ன சொல்லை அவர்களால் தட்ட முடியவில்லை. ஒருவர் பாக்கியில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் தொடங்கியது. கிழக்கு வளையத்தில் பந்து போட வேண்டியது மதுரை. எனவே தம் அணியின் நிலையைச் சௌந்தரத்தால் மாடியிலிருந்து நன்றாகவே பார்க்க முடிந்தது. திருச்சிக்காரர்கள் குதிரை போல் ஓடினார்கள். மதுரைக்காரர்கள் கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஏப்பம் விட்டதை மாடியிலிருந்து கேட்டதாகவே சௌந்தரம் பிற்பாடு சொல்வார். செல்லப்பாண்டி ஓடுகையில் விலாவைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மாடியிலிருந்து முத்துமாரியம்மாள் குரல் கொடுத்தார்.

"ஏத்தா சௌந்தரம், உங்க பயலுகளுக்கு என்னத்தப் போட்ட? நெறமாசக்காரி கணக்கா நடக்காங்க!"

"நீங்க என்னக்கா போட்டீக?"

"மத்தியானம் மோருஞ்சோறு. மிச்சமெல்லாம் ஆட்டம் முடிஞ்சுதான்."

சௌந்தரத்துக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆறு கோடையாகக் காத்திருந்த நாற்காலியைத் தம் கையாலேயே களி கிண்டிக் கெடுத்திருக்கிறார். இடைவேளை விசில் ஊதியபோது மதுரை பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தது.

மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினார். அடுப்பில் வெந்நீர் இருந்தது. சுக்கையும் ஓமத்தையும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, தூக்குவாளியில் ஊற்றிப் பச்சைத்தண்ணீர் கலந்து ஆற்றினார். கொடுத்தனுப்ப வீட்டில் ஆள் இல்லை. தெருவிலும் இல்லை. ஆண்கள் அத்தனை பேரும் மைதானத்தில்தான் இருந்தார்கள். சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து, வேம்பைச் சுற்றி, கூட்டத்துக்குள் புகுந்தார்.

"தள்ளுங்கய்யா, சூடா இருக்கு, மேல பட்டுரும்" என்றதும் கூட்டம் தானாக வழிவிட்டது. மேசையருகே சங்கரலிங்கம் வாயைத் திறந்தபடி எழுந்து நின்றார். சௌந்தரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"குடிங்கய்யா, ஒரே மடக்கா குடிங்க. தப்பு என்னுதுதான்."

செல்லப்பாண்டி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மற்றவர்களும் வரிசையாகக் குடித்தார்கள். நடுவர் விசில் ஊதினார்.

வந்த வேலை முடிந்தது. சௌந்தரம் திரும்பிப் போயிருக்க வேண்டும். காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் திரும்பிய நேரத்தில், கிழக்கு வளையத்தடியில் செல்லப்பாண்டி ஒரு பந்தைத் தட்டிப் பறித்தார். பந்து தரையில் குதித்து, நடுக்கோட்டைத் தாண்டி, இரண்டு பேருக்கு நடுவே நுழைந்து மேற்கே போயிற்று. வேம்பு குறுக்கே வரவில்லை. சௌந்தரம் தம்மை அறியாமல் இலை மறைக்கும் அந்தக் கணத்துக்காகக் காத்தார். அது வரவேயில்லை. பந்து உயர்ந்து மேற்கு வளையத்துக்குள் இறங்கி, வலையை ஒருமுறை உதறிவிட்டுக் கீழே விழுந்தது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு பந்தின் முழுப் பயணத்தையும் அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு அவருக்கு வீட்டின் நினைவு வரவில்லை.

"ஏலே, கையத் தூக்கு! தூக்குலே!" என்று முதலில் கத்தியது தாம்தான் என்பதைப் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் உணர்ந்தார். அதற்காக நிறுத்தவுமில்லை. சுக்கோ, ஓமமோ, அந்தக் குரலோ, மதுரை எழுந்துகொண்டது. ஒவ்வொரு கூடையாக ஏறி வந்தது. கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். செல்லப்பாண்டி எறிந்த கடைசிப் பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது. எறியும்போது அவர் கை தட்டப்பட்டது என்றும் விசில் ஊதியிருக்க வேண்டும் என்றும் சௌந்தரம் எப்போதும் சொல்லிவந்தார். கை தட்டப்படவில்லை என்பது சங்கரலிங்கத்தின் கூற்று. இரண்டையும் இங்கே பதிந்து வைப்பதே நியாயம்.

தோல்விதான். செல்லப்பாண்டி வந்து, "களியால தோக்கலக்கா. பந்து வெளிய போனதுக்குக் களி என்ன செய்யும்? மிச்சம் இருந்தா இப்பக் குடுங்க, பசிக்குது" என்றார். சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று இரவு மதுரை அணி பஸ் ஏறவில்லை. இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி, மறுநாள் சாப்பாட்டுக்கும் இலை போடச் சொன்னார்கள்.

வீடு திரும்பும் வழியில் சங்கரலிங்கம் கேட்டார்.

"தண்ணி குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான?"

"வாளி காலியாகல."

"காலியாகலயா? தலைகீழாப் பிடிச்சுட்டு நின்னயே, ஊரே பாத்துச்சு!"

"என்ன சொல்லுச்சு ஊரு?"

"ஒன்னும் சொல்லல. சுக்குத் தண்ணி மிச்சமிருக்கான்னு ரெண்டு பேரு கேட்டாங்க." பிறகு, "ஆனா பேச்சுன்னா பேச்சு. டீமு பைனலுக்குப் போகல. நாற்காலி கிடையாது" என்றார்.

சௌந்தரம் வாளியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பேச்சு நியாயமான பேச்சுதான்.

மறுநாள் மாலை விளக்கு போடும் நேரத்தில் முத்துமாரியம்மாள் வாசலில் வந்து நின்றார். இடுப்பில் ஒரு பித்தளைக் குடம்.

"சௌந்தரம், எங்க வீட்டுப் பயலுக பைனல் ஆடுறானுக. தண்ணி கொண்டுட்டுப் போகணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு. வழி தெரிஞ்சவ நீ ஒருத்திதான். வாரியா?"

"உங்க டீமுக்கு நான் தண்ணி தூக்கணுமாக்கா?"

"தூக்க வேணாம். துணைக்கு வா. இஷ்டமிருந்தா எதிராளிக்குக் கத்து, எனக்கென்ன?"

இருவரும் தெருவில் இறங்கியபோது மேலும் சில கதவுகள் திறந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு செம்பு, குடம் அல்லது தூக்குவாளி. கடைசி வீட்டுப் பெண்ணைப் பார்த்து முத்துமாரியம்மாள், "உங்க டீமுதான் மொத நாளே போயிருச்சே, நீ யாருக்குக் கொண்டு வார?" என்று கேட்டார்.

"விசில் ஊதுறவருக்குத் தாகமா இருக்கும்ல?"

மைதானத்தில் குடங்களோடு நின்ற பெண்களைக் கண்ட கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டு வந்தவர்களைப் போகச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. முதலில் அசைந்தவர் சங்கரலிங்கம். வகுப்பறைக்குப் போய் ஒரு நீள பெஞ்சைத் தாமே ஒரு முனையைப் பிடித்து இழுத்து வந்து களத்தோரம் போட்டார்.

"எவ்வளவு நேரம் குடத்தோட நிப்பீக? இறக்கி வச்சுட்டு உக்காருங்க" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "நாற்காலிதான் கிடையாதுன்னேன். இது பெஞ்சு" என்றார்.

சௌந்தரம் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். அங்கிருந்து இரண்டு வளையங்களும் தெரிந்தன. திருச்சிக்கு எதிராகத் தொண்டை கட்டும்வரை கத்தினார். திருச்சிதான் ஜெயித்தது. முத்துமாரியம்மாள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் பித்தளைக் குடம் ஒடுங்கியது.

அடுத்த ஆண்டு களத்தின் தென்புறம் கயிறு கட்டி, 'பெண்கள்' என்று ஓர் அட்டை மாட்டினார்கள். தண்ணீர்க் குடம் கொண்டுவரும் வழக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆட்ட நாளில் மோருஞ்சோறு மட்டுமே என்ற விதியும் சௌந்தரத்தின் வீட்டில் நிலைத்தது. களி இறுதி ஆட்டத்தின் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவர் சோறு போட்ட அணிகளில் இரண்டு அணிகள் கோப்பையும் வாங்கின. மகள் கஸ்தூரி பிறந்த 1970ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும், கைக்குழந்தையோடு மாடியிலிருந்து பாதிக் களத்தைப் பார்த்தார். வேம்பு அப்படியே இருந்தது.

கயிற்றுக்குள் அமர்ந்து அவர் பார்த்தது 1968 முதல், போட்டி கடைசியாக நடந்த 1979 வரை, 1970 நீங்கலாக, பதினோரு ஆண்டுகள்.