வாயால் ஊதிய விளக்கு

அந்த மூன்று பேரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பிரிக்பீல்ட்ஸில் நான் இருக்கும் பழைய அடுக்குமாடிக்குப் போன வருடம் கேமராவோடு வந்தார்கள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களே, நினைவுக்காக எடுக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கக் கூச்சம். ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். படிக்கத் தெரியாது என்று சொல்லவும் கூச்சம்; கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குள்ளும் எடுக்க ஆள் வருகிறார்களே என்று, இறந்துபோன என் மனைவியின் படத்துக்குப் புதுப் பூச்சரம் வாங்கிப் போட்டு விளக்கும் ஏற்றியிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு மதியம், கிள்ளானில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் டிவியில் பேய் கேம் ஆடிக்கொண்டிருந்தார். ஆடுகிறவர் கையில் ஒரு வீடியோ கேமரா. இருட்டில் அதன் வழியாக மட்டும்தான் பார்க்க முடியும். எல்லாம் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையில் எங்கள் நடைபாதை வந்தது. எங்கள் கதவு. உள்ளே அவள் படம், நான் போட்ட சரம், விளக்கு. முகத்தை மட்டும் கோரமாக்கியிருந்தார்கள். படத்திலிருந்து அவள் இறங்கி வந்தாள். மருமகன் பொத்தானை அழுத்தினார். உஃப் என்று வாயால் ஊதும் சத்தம். விளக்கு அணைந்தது, அவள் மறைந்தாள்.

"விளக்க அணைச்சாதான் மாமா தப்பிக்கலாம்," என்றவர், படத்தை மறுபடி பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

என் மனைவி திரியில் பூவை வைத்துத்தான் விளக்கை அமர்த்துவாள்.

அன்று கேமராவோடு வந்தவர்கள் கொடுத்த அட்டையில் இருந்த எண்ணுக்கு அப்போதே கூப்பிட்டேன். போனை எடுத்தவன் தமிழ்ப் பையன்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க சைன் பண்ணியிருக்கீங்க லா, அங்கிள்."

"தம்பி, உங்க வீட்டுல விளக்க வாயால ஊதுவீங்களா?"

"அம்மா செருப்பால அடிப்பாங்க," என்று சிரித்தான்.

"அப்ப என் வீட்டுல மட்டும் ஏன்யா ஊதுறீங்க?"

சிரிப்பு நின்றது. "கேம்தானே அங்கிள். முகத்த வேணா மாத்திடறோம்."

"முகம் மட்டுமில்ல. படம், பூ, விளக்கு, எல்லாத்தையும் எடு."

"பாஸ்கிட்ட கேக்கணும்."

"நாளைக்கு வரேன். நானே கேக்கறேன்."

மறுநாள் நான் ஓட்டும் லோரியை எடுக்கவில்லை. அவர்கள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் மாற்றுவதாக பாஸ் சொன்னார். என் கண் முன்னால் இப்போதே எடுக்க வேண்டும், அதுவரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். மத்தியானத்துக்குள் விளக்கை எடுத்தார்கள், அப்புறம் படத்தை. திரையில் வெறும் சுவர்தான் இருந்தது.

ஆனால் புதுசாக மாற்றிக்கொள்ளாதவர்களிடம் பழைய கேமே இருக்கும் என்று மருமகன் சொல்கிறார். அவர்கள் வீடுகளில் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.